நடித்துப் பார்த்தால் புரியும் அடுத்த பிள்ளையின் வலி

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அஸ்ஸாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும் ஒரு மாணவனைப் பெயர் சொல்லி அழைக்காமல் ‘இந்திக்காரன்’ என்று நம் பிள்ளை அழைத்தால், விளையாட்டுதானே என்று நாம் விட்டுவிடக் கூடாது.

2023 மார்ச் மாதம், தமிழகத்தில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள். அதிகாரிகள் அவர்களை நேரில் சந்தித்து தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் பெரியவர்கள் வீட்டில் பேசுவதைத்தான் பிள்ளைகள் வகுப்பில் போய்ப் பேசுகிறார்கள்.

‘கேலி செய்யாதே’ என்று சொன்னால் பிள்ளை தலையாட்டும். ஆனால் கேலிக்கு ஆளானவனின் வலி அதற்குத் தெரியாது. அதை உணர வைக்கும் எளிய வழி பாத்திரமேற்று நடித்தல். 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, பின்னர் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் ஏற்கெனவே உள்ளன. எனவே இதற்குத் தனிச் செலவு எதுவும் தேவையில்லை.

செய்முறை இதுதான். புதிய ஊர், புதிய பள்ளி, முதல் நாள் என்று ஆசிரியர் ஒரு சூழலைச் சொல்கிறார். ஒரு மாணவன் புதியவனாக வருகிறான். அவன் தமிழ் பேசக் கூடாது. சைகையால் மட்டுமே தண்ணீர் கேட்க வேண்டும். மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். இரண்டு நிமிடம் போதும். பிறகு வேடங்களை மாற்றி மீண்டும் நடிக்கிறார்கள்.

நடித்து முடித்ததும் பேசுவதுதான் இதில் முக்கியம். ‘அங்கே தனியாக நின்றபோது உனக்கு எப்படி இருந்தது? யார் என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்?’ என்று ஆசிரியர் கேட்க வேண்டும். பிள்ளைகள் சொல்லும் பதிலையே வைத்து முடிவை மாற்றி இன்னொரு முறை நடிக்கச் செய்யலாம்.

இதில் கவனமும் தேவை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவை உயர்ந்தது என்றார். பின்னர் அதை மாற்றிச் சொன்னார். ‘உயர்ந்த’ பிள்ளைகள் சீக்கிரமே மற்றவர்களை இழிவாக நடத்தத் தொடங்கினார்கள். அந்தப் பாடம் உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகளின் மனதைக் காயப்படுத்தியது என்ற விமர்சனமும் அதன் மீது உண்டு.

எனவே இது நடிப்பு என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உண்மையிலேயே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அதே வேடத்தைக் கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அவன் தன் மொழியில் ஐந்து சொற்களை வகுப்புக்குக் கற்றுத் தரட்டும். அன்று அவனே ஆசிரியர். ஒருவர் பேசும் விதத்தையோ நிறத்தையோ கிண்டலாக நடித்துக் காட்டவும் இடம் தரக் கூடாது.

பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருக்குர்ஆன் (49:11) தடுக்கிறது. பெயருக்காகவும் உடைக்காகவும் நம் பிள்ளைகள் கேலி செய்யப்படும்போது நமக்கு எப்படி வலிக்கும் என்று நமக்கே தெரியும். நம்மில் பலரது குடும்பங்களும் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவைதான்.

இன்று மாலை பிள்ளை பள்ளி விட்டு வந்ததும், ‘உன் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையின் பெயர் என்ன?’ என்று கேட்டுப் பார்ப்போம். பெயர் தெரியாவிட்டால், நாளை கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொல்வோம்.