மொட்டை மாடிக்கு தளம் போடப் போறீங்களா? வாட்டம் தப்பினால் ஹாலில் வாளிதான்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும். பல வீடுகளில் ஹாலில் வாளி, குண்டான், அண்டா என்று வரிசை கட்டி நிற்கும். மாடியில் போய்ப் பார்த்தால் டைல்ஸ் பளபளவென்று புதுசாக இருக்கும். ஆனால் கீழே சொட்டு சொட்டாக ஒழுகும். தப்பு டைல்ஸில் இல்லை. அதற்கு அடியில் போட்ட தளத்தில்தான்.

தலைக்கு மேல் ஆபத்து

ஒழுகல்தானே என்று சும்மா விட்டுவிட முடியாது. கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் சீலிங்கில் ஈரத் திட்டு, அப்புறம் விரிசல், கடைசியில் பூச்சு பெயர்ந்து கீழே படுத்திருப்பவர் மேல் விழும். பெட்டி பெட்டியாக கம்பி தெரிகிற பழைய வீடுகள் எல்லாம் இப்படி கெட்டவைதான்.

தளம் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் வழக்கமாக கான்கிரீட் மேல் இரண்டு அடுக்கு போடுகிறார்கள். முதலில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதன் மேல் தட்டு ஓடு அல்லது கூலிங் டைல்ஸ். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதற்கு மேல் போட்டதும் இதே சுண்ணாம்பு ஜல்லிதான். வெயிலில் சிமெண்ட் தளம் சீக்கிரம் வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சூடும் சட்டென்று கீழே இறங்காது.

முதலில் தண்ணீர் கட்டுங்கள்

தளம் போடுவதற்கு முன்பு வெறும் கான்கிரீட் மேல் பாத்தி கட்டி, 1 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கீழே ஈரம் தெரிந்தால் அந்த இடத்தை முதலில் அடைக்க வேண்டும். 1000 சதுர அடி மாடியில் 1 அங்குலம் தண்ணீர் என்றாலே சுமார் 2,360 லிட்டர். அதாவது இரண்டேகால் டன்னுக்கு மேல் எடை. அதனால் பழைய வீடு, கம்பி தெரிகிற வீடு என்றால் என்ஜினீயரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

வாட்டம்தான் உயிர்

மழைத்தண்ணீர் தேங்காமல் குழாய்க்கு ஓட வேண்டும். இதற்கு 10 அடிக்கு 1 முதல் 2 அங்குலம் வரை வாட்டம் தேவை. உதாரணத்துக்கு 20 அடி நீள மாடி என்றால், குழாய் பக்கம் தளம் 2 அங்குலம், எதிர் பக்கம் 4 அங்குலம். சராசரி 3 அங்குலம். டியூப் லெவல் பிடித்து, நூல் கட்டி, ஆங்காங்கே மார்க் வைத்த பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். கண் அளவு வேலைக்கு ஆகாது. குழாய் ஒன்றுக்கு இரண்டாக இருப்பது நல்லது. ஒன்றை இலை அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். அந்தத் தண்ணீரை அப்படியே மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு விட்டுவிடலாம்.

அடிக்கிற அடியில் இருக்கு விஷயம்

ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக, முக்கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தண்ணீரில் ஊற வைத்த பிறகுதான் கலக்க வேண்டும். சுமார் இரண்டரை பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்பு. பரப்பிய பிறகு மரக்கட்டையால் தட்டி இறுக்க வேண்டும். தட்டும்போது கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம். கட்டை துள்ளி எழும்புகிற வரை அடித்தால்தான் தளம் இறுகும். கூலி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான். அடித்து முடித்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. தெறித்துவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டு விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும்போது

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், அதோடு தண்ணீர் இறங்காமல் தடுக்கும் மருந்து. இந்தக் கலவையில் ஓட்டைப் பதிக்க வேண்டும். ஓடுகளை நெருக்கி ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டு, அதைத் தனியாக அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையை உருட்டிப் பூச வேண்டும். பாதி ஒழுகல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் போடுகிற வழவழப்பான டைல்ஸ் மாடிக்கு வேண்டாம். மழையில் வழுக்கும். துணி காயப்போடப் போகிற பெண்கள்தான் கஷ்டப்படுவார்கள்.

செய்யக் கூடாதவை

பழைய தளம் ஒழுகினால் அதன் மேலேயே இன்னொரு தளம் போடக் கூடாது. 1000 சதுர அடிக்கு 3 அங்குல தளமே சுமார் 13 டன் எடை. பழையதைப் பெயர்த்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும்.

தளம் முடிந்த பிறகு கொடிக்கம்பிக்கும் டிஷ்ஷுக்கும் துளை போடக் கூடாது. சூரிய மின்தகடு வைக்கும் யோசனை இருந்தால், அதன் கால்களைத் தளம் போடும் முன்பே நிறுத்திவிட வேண்டும். மழை நாளில் வேலையைத் தொடங்காமல் தை முதல் வைகாசிக்குள் முடிப்பது நல்லது.

கடைசி பணம் கையில் இருக்கட்டும்

கனம் எவ்வளவு, கலவை என்ன என்பதை காண்டிராக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கலவை நன்றாக இறுகிய பிறகு தூர மூலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். யாரும் துடைப்பம் எடுக்காமல் அது தானாகக் குழாய்க்கு ஓட வேண்டும். வழியில் குட்டை கட்டி நின்றால் அந்த இடத்தைப் பெயர்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் மழைதான் கணக்கு கேட்கும்.