'ஹோம்லி'யான பெண் வேண்டுமா? அமெரிக்காவில் இதற்கு அர்த்தமே வேற!

'நன்கு படித்த, ஹோம்லியான மணமகள் தேவை.' மேட்ரிமோனி விளம்பரங்களைப் புரட்டியவர்கள் யாரும் இந்த வரியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. 'குடும்பப் பாங்கான' என்ற அர்த்தத்தில்தான் நாம் இந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். சீரியலில் புடவை கட்டி, பூ வைத்து வரும் நாயகிக்கு 'ஹோம்லி லுக்', மெஸ் வாசலில் 'ஹோம்லி மீல்ஸ்' என்று எங்கு பார்த்தாலும் இது பாராட்டுதான்.

ஒரு சின்ன கற்பனை. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாப்பிள்ளைக்கு, பெண்ணின் அப்பா இங்கிருந்து ஆங்கிலத்தில் மெயில் அனுப்புகிறார். 'எங்கள் மகள் ரொம்ப ஹோம்லி' என்று பெருமையாக எழுதுகிறார். அதைப் படிக்கும் மாப்பிள்ளைக்கு என்ன புரியும் தெரியுமா? 'எங்கள் மகள் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்க மாட்டாள்!'

ஆமாம். அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு மனிதரை 'ஹோம்லி' என்றால், 'அழகில்லாத முகம்' என்று பொருள். 'அக்ளி' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல், கொஞ்சம் நாசூக்காகச் சொல்வது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு எப்படி அழகின்மை ஆனது?

'ஹோம்' என்றால் வீடு. ஃப்ரெண்ட்லி, மதர்லி என்ற சொற்களில் வருவது போன்ற 'லி' சேர்ந்து, 'வீட்டைப் போன்ற, வீட்டுக்குரிய' என்ற பொருளில் 14-ம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கும் சொல் இது. வீட்டுக்குள் இருக்கும்போது நாம் எப்படி இருப்போம்? அலங்காரம் இல்லாமல், எளிமையாக. அதனால் 'ஹோம்லி' என்றால் 'எளிமையான' என்றானது. எளிமை மெல்ல 'பகட்டில்லாதது' ஆகி, முகத்தைப் பற்றிப் பேசும்போது 'சாதாரண முகம்', 'அழகில்லாத முகம்' என்று கீழே இறங்கிவிட்டது.

நம்மிடமும் இப்படி ஒரு சொல் உண்டு. 'சுமார் பத்து பேர்' என்றால் தோராயம். 'ஆள் பார்க்க சுமார்' என்றால்? அதே கதைதான்!

ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே இந்த 'அழகற்ற' அர்த்தம் வந்துவிட்டது. 1634-ல் அரங்கேறிய மில்டனின் 'கோமஸ்' நாடகத்தில், நாயகியை மயக்கப் பார்க்கும் வில்லன், 'ஹோம்லி' முகங்கள்தான் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று வார்த்தை விளையாட்டே ஆடுகிறான்.

பிரிட்டனில் எப்படி?

அட்லான்டிக்கின் அந்தப் பக்கம் நிலைமை வேறு. பிரிட்டனில் ஒரு விடுதியையோ சாப்பாட்டையோ 'ஹோம்லி' என்றால், 'வீட்டில் இருப்பது போன்ற இதம்' என்று பாராட்டு. 1937-ல் வெளியான டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில், பயணிகள் களைப்பாற இடம் கொடுக்கும் எல்ரான்டின் இல்லத்துக்கு 'கடைசி ஹோம்லி வீடு' என்றே பெயர். இதே இதத்தைச் சொல்ல அமெரிக்கர்கள் 'ஹோமி' என்பார்கள். அதனால், அமெரிக்க நண்பரை விருந்துக்கு அழைத்தால் 'ஹோமி' அல்லது 'ஹோம் குக்ட்' என்று சொல்லிவிடுங்கள். குழப்பம் இல்லை.

மாப்பிள்ளை ஹோம்லியா?

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் இந்த வார்த்தை ஆண்களுக்கும் சொல்லப்படும். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தோற்றத்தை, அவர் காலத்தவர்கள் பலர் 'ஹோம்லி' என்றுதான் வர்ணித்தார்கள். நம் ஊரிலோ இது பெண்களுக்கு மட்டுமேயான அடைமொழி. 'ஹோம்லியான மணமகன் தேவை' என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வீடு இருவருக்கும் பொது. வார்த்தை மட்டும் ஒருவருக்கு!

உண்மையில் மணமகள் விளம்பரத்தில் வரும் 'ஹோம்லி' ஒரு வர்ணனையே அல்ல, அது ஒரு நிபந்தனை. என்ன நிபந்தனை என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் அதற்கு அர்த்தம், நன்றாகச் சமைக்க வேண்டும். இன்னொரு வீட்டில், புடவையும் சுடிதாரும் போதும், ஜீன்ஸ் கூடாது. மற்றொரு வீட்டில், மாமியார் மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். இன்னும் சில வீடுகளில், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும். 'வேலைக்குப் போகிற, ஹோம்லியான பெண்' என்று கேட்டால், பெரும்பாலும் அதற்கு அர்த்தம் சம்பளமும் வேண்டும், சமையலும் அவள் பொறுப்பு என்பதே.

இந்த வார்த்தைக்குப் பெண் வீட்டார் தலையாட்டுவது ஓர் அர்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்ப்பது இன்னோர் அர்த்தத்தில். 'பொண்ணு ஹோம்லின்னுதானே சொன்னீங்க?' என்ற கேள்வி கல்யாணத்துக்குப் பிறகு வந்தால், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது அந்தப் பெண்தான்.

எனவே, அடுத்த முறை ஒரு புரொஃபைலில் இந்த வார்த்தையை டைப் செய்யும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அதையே எழுதுங்கள். கூட்டுக் குடும்பம் என்றால் அதையும் எழுதுங்கள். பெண் வீட்டார் பக்கம் இருந்தால், 'ஹோம்லின்னா நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று முதல் போன் காலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அந்தப் பதிலில்தான், உங்கள் மகள் வாழப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று தெரியும்.