மதகின் திறவுகோல் யார் கையில்?



நம் வீட்டுக் குழாயில் வரும் நீரும், நம் கூடத்தில் எரியும் மின்விளக்கும் பல வேளைகளில் ஓர் அணைக்கட்டின் கொடையே ஆகும். பேராக் ஆற்றில் 1930ஆம் ஆண்டிலேயே செண்டெரோ அணை எழுந்துவிட்டது. பின்னாளில் அதற்கு மேலே கெனெரிங், பெர்சியா, தெமெங்கோர் ஆகிய அணைகளும் எழுந்தன. இன்று அவ்வாறு படிக்கட்டில் இறங்குவதுபோல அணைக்கு அணை இறங்கி வருகின்றது. அணை என்றதும் அதன் பின்னே தேங்கி நிற்கும் ஏரியையும், அது தரும் மின்சாரத்தையும் நாம் வியந்து பேசுகின்றோம். அணைக்குக் கீழே ஓடும் ஆற்றை நினைத்துப் பார்ப்போர் சிலரே.

நினைத்துப் பார்க்க வேண்டிய காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கேமரன் மலையில் பெருமழை பெய்தது. அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளை அழித்தது, உயிர்களும் பறிபோயின. மழையில் பெருகுவதும் வறட்சியில் சுருங்குவதும் ஆற்றின் இயல்பு. அணை எழுந்த பின்னரோ, ஆறு பெருகுவதும் சுருங்குவதும் பெரும்பாலும் மதகைத் திறப்பவரின் கையில் இருக்கின்றன. அப்படியாயின், எப்பொழுது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை யார் முடிவு செய்வது? அணையை நடத்துவோர் மட்டுமா? ஆற்றோரம் வாழ்வோருக்கும் அதில் பங்கு உண்டா?

இக்கேள்விக்கு விடை தேடி, பல ஆண்டுகளாகப் பலதரப்பட்ட மக்கள் ஒன்றுகூடிப் பேசிவரும் ஓர் ஆறு அமெரிக்காவில் இருக்கின்றது. அதன் பெயர் கொலராடோ. அதன் வரலாற்றை நாம் சற்றே அறிந்து கொள்வோம்.

அணைக்கு முன்னும் பின்னும்

கொலராடோ ஆறு ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர் நீளமுடையது. சுமார் 4 கோடி மக்கள் அதன் நீரை நம்பி வாழ்கின்றனர். அரிசோனா மாநிலத்தில் அவ்வாற்றின் குறுக்கே கிளென் கேன்யன் என்னும் அணை கட்டப்பட்டது. அதன் உயரம் 216 மீட்டர். 1963ஆம் ஆண்டில் அதன் கதவுகள் மூடப்பட்டு, பின்புறம் பவல் ஏரி நிரம்பத் தொடங்கியது. அணைக்குச் சற்றுக் கீழே, உலகப் புகழ்பெற்ற கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கினுள் ஆறு நுழைகின்றது.

அணை எழுவதற்கு முன், மலைப்பனி உருகும் இளவேனிற் காலத்தில் செந்நிற வெள்ளம் பெருக்கெடுத்து வரும். அது சுமந்து வந்த மணல் கரைகளில் படிந்து மணல்மேடுகள் ஆகும். கோடையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். அந்நீருக்குப் பழகிய மீன்கள் அங்கே வாழ்ந்தன. கூன் விழுந்தாற்போன்ற முதுகையுடைய ஒரு வகைக் கெண்டை அவற்றுள் ஒன்று.

அணை எழுந்தபின் நிலைமை மாறியது. மேலிருந்து வந்த மணல் முழுவதும் ஏரியின் அடியில் தங்கிவிட்டது. ஏரியின் ஆழத்திலிருந்து நீர் எடுக்கப்பட்டதால், கீழே சென்ற நீர் கோடையிலும் சில்லென்று குளிர்ந்திருந்தது. கூன்முதுகுக் கெண்டையின் குஞ்சுகள் அக்குளிரில் நன்கு வளரவில்லை. பழைய மணல்மேடுகளைத் தெளிந்த நீர் அரித்துச் சென்றது. புதிய மணலோ வந்து சேரவில்லை.

மற்றொரு தொல்லையும் சேர்ந்தது. மக்கள் விழித்து வேலை செய்யும் நேரத்தில் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும். அவர்கள் உறங்கும் நேரத்தில் குறைவாகவே தேவைப்படும். அதற்கேற்ப நீரையும் கூட்டிக் குறைத்தனர். அதனால் சில இடங்களில் ஒரே நாளில் ஆறு நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கியது. படகோட்டிகள் இரவில் கரையோரம் கட்டிய படகு காலையில் வெறுந்தரையில் கிடக்கும்!

ஒரே மேசையைச் சுற்றி

இந்நிலை கண்டு பலரும் குரல் எழுப்பினர். 1992ஆம் ஆண்டில் கிராண்ட் கேன்யனைக் காக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1997ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அரசாங்க இலாகாக்கள், ஆற்று நீரைப் பங்கிடும் ஏழு மாநிலங்கள், ஹோப்பி, நவஹோ, சூனி முதலிய பழங்குடி மக்கள், மின்சாரம் வாங்குவோர், மீன்பிடிப்போர், படகுச் சுற்றுலா நடத்துவோர், இயற்கையைப் பேணுவோர் ஆகிய அனைவரின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற்றனர்.

இங்கே ஒன்றை நாம் தெளிவாக உணர வேண்டும். ஓராண்டில் எவ்வளவு நீர் கீழே செல்ல வேண்டும் என்பதை இக்குழு மாற்றுவதில்லை. அது 1922ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் அதன் பின் வந்த விதிகளையும் பொறுத்தது. அந்த நீரை எந்த மாதத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதைப் பற்றியே குழு ஆராய்கின்றது. தோட்டப்புறங்களில் பல வீடுகளுக்கு ஒரே குழாய் இருந்த நாள்களை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். குழாயில் வரும் நீரின் அளவை யாரும் கூட்ட இயலாது. ஆனால், விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்வோர் முதலில் பிடித்துக் கொள்ளட்டும், துணி துவைப்போர் பின்னர் வரட்டும் என்று பேசி முடிவு செய்தால், அதே நீர் அனைவருக்கும் பயன்படும். கொலராடோவிலும் அதுதான் நடைபெறுகின்றது.

மனிதர் விடுத்த வெள்ளம்

இழந்த மணல்மேடுகளை மீட்பது எப்படி? வெள்ளம் கொண்டுவந்ததை வெள்ளமே மீண்டும் தரக்கூடும் என்று அறிவியலாளர் எண்ணினர். ஆலோசனைக் குழு அமையுமுன்பே, 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஏழு நாள்களுக்கு வினாடிக்குச் சுமார் 1,270 கன மீட்டர் வீதம் நீரைத் திறந்துவிட்டனர். ஆற்றின் அடியில் கிடந்த மணல் கிளம்பிக் கரைகளில் படிந்தது. எல்லாரும் மகிழ்ந்தனர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. படிந்த மணலில் பெரும்பகுதி சில மாதங்களில் கரைந்து போயிற்று. அவர்கள் மனம் தளராமல் காரணத்தைத் தேடினர். ஆற்றின் அடியில் எண்ணிய அளவுக்கு மணல் இல்லை என்பதும், பழைய மேடுகளின் மணலே இடம் மாறியது என்பதும் தெரிய வந்தன. அணைக்குக் கீழே வந்து சேரும் பரியா என்னும் சிற்றாறு மழைக்காலத்தில் புதுமணல் கொண்டு வருகின்றது. அம்மணல் வந்தவுடன் வெள்ளம் விடுவதே முறை என்று கண்டறிந்து, 2004ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வாறே செய்து பார்த்தனர். 2012ஆம் ஆண்டு முதல், மணல் போதிய அளவு சேர்ந்தால்தான் வெள்ளம் விடுவது என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. செய்து பார்த்தல், அளந்து பார்த்தல், தவற்றைத் திருத்திக்கொள்ளுதல் என்னும் மூன்றும் இம்முறையின் உயிர்நாடி எனலாம்.

பூச்சிகளுக்கும் வார விடுமுறை

பள்ளத்தாக்கின் மீன்களுக்கு நீர்ப்பூச்சிகளே உணவு. அப்பூச்சிகள் பல தண்ணீரின் ஓரத்தில் முட்டையிடுகின்றன. மின்சாரத்திற்காக நீர் ஏறி இறங்கும்பொழுது, ஓரத்து முட்டைகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. இதனைக் கண்டறிய உதவியவர் யார் தெரியுமா? படகோட்டிகள்! நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பள்ளத்தாக்கில் அறிவியலாளர் எல்லா இடத்திலும் இருக்க இயலாது. எனவே 2012ஆம் ஆண்டு முதல் படகோட்டிகள் அந்தி சாய்ந்ததும் கரையில் சிறு விளக்குப்பொறி வைத்து, விழுந்த பூச்சிகளைச் சேகரித்துக் கொடுத்து வந்தனர்.

அதன் பயனாக, 2018ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை, சனி ஞாயிறுகளில் மட்டும் நீரைக் குறைந்த அளவில் ஏற்ற இறக்கமின்றி ஓடவிட்டனர். அந்நாள்களில் இடப்பட்ட முட்டைகள் நீர்மட்டம் இறங்கிக் காய்ந்து போகாமல் தப்பின. சனி ஞாயிறை ஏன் தேர்ந்தெடுத்தனர்? அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் ஓய்ந்திருக்கும் அந்நாள்களில் மின்சாரத் தேவை குறைவு. ஆதலால் மின்நிலையத்திற்கு ஏற்படும் இழப்பும் குறைவு. இரு தரப்பினரும் ஒருவர் துன்பத்தை மற்றவர் உணர்ந்ததால் கிட்டிய வழி இது. 2019, 2020ஆம் ஆண்டுகளிலும் இதனைத் தொடர்ந்தனர்.

கொன்றுதான் காக்க வேண்டுமா?

எல்லாச் சிக்கலும் கணக்கினால் தீர்வதில்லை. அயலிடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட டிரௌட் மீன்கள், கூன்முதுகுக் கெண்டையின் குஞ்சுகளைத் தின்றன. ஆகவே 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், சின்னக் கொலராடோ ஆறு வந்து கலக்குமிடத்தின் அருகே டிரௌட் மீன்களைப் பிடித்துக் கொன்றனர். சூனி மக்களுக்கோ அப்பள்ளத்தாக்கு தம் முன்னோர் தோன்றிய புனித இடம். நீர்வாழ் உயிர்கள் தம் உறவினர். அங்கே உயிர்களைக் கூட்டமாகக் கொல்வது தகாது என்று அவர்கள் முறையிட்டனர். அம்முறையீட்டை அரசாங்கம் புறந்தள்ளவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின், மீன்களை அகற்ற நேர்ந்தால் உயிருடன் அகற்றுவது என்னும் வழியை ஏற்றது. மேசையில் அம்மக்களுக்கு ஓர் இருக்கை இல்லாதிருந்தால், அவர்தம் மனப்புண் யாருக்குத் தெரிந்திருக்கும்?

முடிவுறாப் பணி

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. குழு ஆலோசனை மட்டுமே கூறும். இறுதி முடிவு அமெரிக்க உள்துறை அமைச்சருடையது. மின்னாக்கிகளின் வழியே செல்லாமல் திறந்துவிடப்படும் நீர் மின்சாரம் தருவதில்லை. அந்த இழப்பை யார் ஏற்பது என்னும் வாதமும் ஓய்ந்தபாடில்லை. கூன்முதுகுக் கெண்டையின் நிலை தேறியதால், 2021ஆம் ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் வரிசையிலிருந்து ஒரு படி மேலே வைக்கப்பட்டது. ஆனால் நெடிய வறட்சியால் ஏரி வற்றவே, மேற்பரப்பின் வெந்நீர் கீழே சென்றது. அதனுடன் சென்ற பாஸ் என்னும் கொன்றுதின்னி மீன்கள் அணைக்குக் கீழே குஞ்சு பொரிப்பது 2022ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அவை பெருகாதபடி, 2024ஆம் ஆண்டில் ஏரியின் ஆழத்துக் குளிர்நீரையும் கலந்து விட்டனர். முன்பு தீங்கென்று கருதிய குளிர்ச்சியே இப்பொழுது மருந்தாயிற்று! நேற்றைய விடை இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் அவர்கள் இன்னும் கூடிப் பேசுகின்றனர்.

நமக்குரிய பாடம்

அணைகள் நமக்குத் தேவை. விளக்கும் வேண்டும், குடிநீரும் வேண்டும். ஆனால் மேலே மதகு திறந்தால் கீழே ஒரு வீட்டின் வாசலில் நீர் ஏறும் என்பதை மறத்தல் ஆகாது. கீழே வாழ்வோரும் தம் கடமையை அறிதல் வேண்டும். அபாயச் சங்கு ஒலித்தால் என்ன பொருள், எப்பக்கம் மேட்டு நிலம் உள்ளது என்பவற்றைக் குடும்பத்தினர் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டத்திற்கு அழைப்பு வந்தால், நமக்கென்ன என்று வீட்டில் இருந்துவிடாமல் சென்று பேச வேண்டும். மாணவர்களே! நீங்களும் மழையின் அளவையும் ஆற்றின் மட்டத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிப் பழகுங்கள். படகோட்டிகள் வைத்த சிறு விளக்குகள் ஒரு பேரணையின் நேரத்தையே மாற்றின அல்லவா?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். மதகின் திறவுகோலை ஒருவர் கையில் வைத்திருக்கலாம். அதனைத் திருப்பும் நேரத்தை ஆற்றோரம் வாழும் அனைவரும் கூடிச் சொல்வோமாக!