ஜமக்காளமும் ‘நான்’ என்ற நினைப்பும்

பவானி கூடுதுறையில் இரண்டு ஆறுகள் கலப்பதைப் பார்த்து, அழகில்லை என்பவர் அரிது. அதே ஊரில் நெய்யும் ஜமக்காளத்துக்கு அந்த ஒருமித்த பாராட்டு கிடைப்பதில்லை. முரட்டுப் பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும் அந்த விரிப்பு ஒருவருக்குக் கண்ணைப் பறிக்கும். இன்னொருவருக்கு அது கல்யாண மண்டபத்துத் தரைவிரிப்பு, அவ்வளவே. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. முகங்களிலும் இயற்கைக் காட்சிகளிலும் மனிதர்களின் ரசனை பெரிதும் ஒத்துப்போகிறது, கட்டடங்களிலும் ஓவியங்களிலும் பிரிந்துவிடுகிறது என்று ஆய்வாளர் எட்வர்ட் வெசலின் குழு 2018-இல் காட்டியது. மனிதர் செய்த பொருளில்தான் பார்ப்பவரின் ‘நான்’ அதிகம் குறுக்கிடுகிறது.

அதற்கு மூளையிலும் தடயம் உண்டு. வெளியுலகைக் கவனிக்கும்போது அடங்கி, தன்னைப் பற்றி எண்ணும்போது விழித்துக்கொள்ளும் மூளை வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. 16 பேருக்கு ஓவியங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்த வெசல் குழுவின் 2012 ஆய்வில், மனத்தை மிக ஆழமாகத் தொட்ட ஓவியங்களுக்கு மட்டும் அதன் முக்கியப் பகுதிகள் எழுந்தன. ஆனால் எது காரணம், எது விளைவு? 2023-இல் அதே குழுவினர் ஒவ்வொருவரின் வாழ்க்கை விவரங்களையும் கேட்டறிந்து, அவற்றோடு பொருந்தும் படங்களைக் கணினியில் உருவாக்கினர். பிறருக்காகச் செய்த படங்களைவிடத் தமக்கானவையே அழகு என்று பலரும் மதிப்பிட்டார்கள். தன் சாயல் கூடியபோது அழகும் கூடியது.

பழக்கத்தால் பிடித்துப்போவதை ஏன் ‘நான்’ கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பழக்கம் மட்டும் போதாது. தரம் குறைந்தவை என்று விமர்சகர்கள் கருதும் தாமஸ் கின்கேடின் ஓவியங்களை லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டிய 2013 ஆய்வில், பார்க்கப் பார்க்க விருப்பம் குறையவே செய்தது. அப்படியானால் அழகு வெறும் தற்பெருமையா? அதுவும் இல்லை. அதே மாணவர்களுக்குக் காட்டிய, தரமானவை என்று மதிக்கப்படும் ஜான் மில்லேயின் ஓவியங்களுக்கு அப்படியொரு சரிவு ஏற்படவில்லை. சரக்கின் தரத்துக்கும் பங்குண்டு.

ஆகவே ஜமக்காளத்தின் தரத்தைத் தறியிலேயே சோதித்துவிடலாம். அழகை அங்கே முழுதாக அளக்க முடியாது. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு, சரக்கு எந்த ஊருடையது என்று உறுதி சொல்லும். அந்த ஊரைத் தன்னுடையதாக எண்ணுகிறவருக்கு அந்தக் கோடுகள் அழகாவதும், அதைத் தாண்டி வந்துவிட்டதாக எண்ணுகிறவருக்கு அவையே பழைய பாணியாவதும் இயல்பு. தன்னைப் பற்றிய எண்ணம் மாறக்கூடியது. அதனால் இன்று அலுப்பூட்டும் விரிப்பு, நெய்த விதம் துளியும் மாறாமலே, நாளை அவருக்குப் பிடித்துப்போகலாம்.