‘டெவஸ்டேட்’ என்ற சொல்லும் பாழாய்ப்போன வளவுகளும்

யுத்தத்தைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் நம் ஊர்களுக்கு முன்னால் அடிக்கடி வரும் அடைமொழி ‘டெவஸ்டேட்டட்’. தமிழில் அது பெரும்பாலும் ‘பாதிக்கப்பட்ட’ என்று வந்துவிடுகிறது. ஓடு உடைந்த வீடும் பாதிக்கப்பட்டதுதான். குடும்பமே இல்லாமற் போன வீடும் பாதிக்கப்பட்டதுதான். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் கை தயங்கும். ஆங்கிலச் சொல் சொல்வதில் பாதியைத்தான் அந்தத் தமிழ்ச் சொல் சொல்கிறது.

அழிவைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. அவற்றில் மூன்றைப் பிரித்து விளங்கிக்கொள்வது எமக்கு உதவும்.

முதலாவது ‘டமேஜ்’. இழப்பு, தண்டப்பணம் என்ற பொருள்களைக் கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இது அளக்கக்கூடிய, பெரும்பாலும் திருத்தக்கூடிய சேதம். ஒருமையில் ‘டமேஜ்’ என்றால் சேதம். பன்மையில் ‘டமேஜஸ்’ என்று சட்ட ஆவணத்தில் வந்தால் நட்டஈடு. இரண்டையும் மாறி விளங்கினால் கடிதத்தின் பொருளே மாறிவிடும்.

இரண்டாவது ‘டெஸ்ட்ரோய்’. இதன் வேர் ‘கட்டு’ என்ற வினை. கட்டியதைக் கட்டாததாக்குவதே இதன் அடிப்பொருள். 1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தைப் பின்னர் மீளக் கட்ட முடிந்தது. ஆனால் ஏறத்தாழ 97,000 நூல்களுக்கும் ஏட்டுச் சுவடிகளுக்கும் ‘டமேஜ்’ என்று எழுத முடியாது. அவை அழிந்தே போயின.

மூன்றாவதுதான் ‘டெவஸ்டேட்’. இதன் வேரான இலத்தீன் சொல்லுக்கு வெறுமையான, ஆளரவமற்ற என்று பொருள். ‘வேஸ்ட்’ என்ற சொல்லும் இந்த வேரோடு தொடர்புடையது. ஆகவே இதன் உள்ளே இருப்பது உடைத்தலை விட வெறுமையாக்குதல். ஒரு கோப்பை உடைந்தால் இந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. ஊர், நிலம், சமூகம் போன்ற பரந்த ஒன்றுக்கே இது பொருந்தும்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் எம்மிடம் ஏற்கனவே உண்டு: பாழ். பாழ் என்றால் அழிவு. பாழ் என்றால் வெறுமையும்தான். ‘வளவு பாழாய்ப் போச்சுது’ என்று எங்கட சனம் சொல்லும்போது, சுவர் இடிந்ததை மட்டும் சொல்வதில்லை. விளக்கு வைக்க ஆளில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி தொடங்கிய இடம்பெயர்வை நினைத்துப் பாருங்கள். வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். அன்று பல வீடுகளின் கூரையும் கதவும் அப்படியே இருந்தன. ‘டமேஜ்’ கணக்கில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆனால் யாழ்ப்பாண நகரம் அன்று பாழாகிவிட்டது. வலிகாமம் வடக்கில் இது இன்னும் நீண்டது. 1990 இல் வெளியேறிய மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகப் பகுதி திறந்துவிடப்பட்டது 2017 ஜூலையில்தான்.

அலுவலகப் படிவங்கள் முதலாவது சொல்லை மட்டுமே அறியும். 2004 சுனாமிக்குப் பிறகு வீட்டில் 40 வீதத்துக்கு மேல் சேதம் என்றால் ‘முழுச் சேதம்’, 2,50,000 ரூபா. அதற்குக் குறைந்தால் ‘பகுதிச் சேதம்’, 1,00,000 ரூபா. யுத்தத்துக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000, திருத்த வேலைக்கு 2,50,000. பணம் பகிர ஓர் அளவுகோல் தேவைதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவுகோல் அளப்பது சுவரையும் கூரையையும். தூர்ந்துபோன கிணறு, தறிக்கப்பட்ட பனை, எல்லைக்கல் தெரியாத வேலி, பக்கத்து வீட்டில் திரும்பி வராத சனம் ஆகியவை அதில் அடங்குவதில்லை.

இந்தச் சொல் மனிதருக்கும் பயன்படும். ‘ஐ வோஸ் டெவஸ்டேட்டட்’ என்றால் ‘கவலைப்பட்டேன்’ அல்ல. ‘இடிஞ்சுபோனன்’ என்று நாம் சொல்வதே அதற்குச் சரி. சாட்சியங்களை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம், விளையாட்டுச் செய்திகளில் வேகப்பந்து வீச்சுக்கும் இதே சொல்லின் வடிவம் வரும். அங்கே ‘பேரழிவு’ என்று எழுதத் தேவையில்லை.

இன்னொன்று: இந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வருகிறது. ஊர் ‘அழிக்கப்பட்டது’ என்றால் யாரால் என்ற கேள்வி வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடும். ‘யுத்தத்தால்’ என்று சேர்த்தாலும் அது ஓர் ஆளைச் சொல்வதில்லை.

ஆகவே இழப்பீட்டு விண்ணப்பமோ வாக்குமூலமோ எழுதும்போது ‘பாதிக்கப்பட்டோம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். என்ன சேதமானது, என்ன முற்றாக அழிந்தது, எது வெறுமையானது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். திகதி, இடம், எண்ணிக்கை தெரிந்தால் சேருங்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் தனித் தாளில் எழுதி இணைத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். மூன்றாவது இழப்புக்கு இன்று பணம் கிடைக்காமற் போகலாம். எழுதி வைக்காவிட்டால், அப்படி ஓர் இழப்பு இருந்தது என்பதற்கே நாளை ஆதாரம் இராது.