காஸ் கீஸர் மாட்டும் முன்: புகை போக வழி இருக்கா?



ஊட்டி, கோத்தகிரி போன்ற குளிர் ஊர்களில் வெந்நீருக்கு காஸ் கீஸர் வாங்க உறுப்பினர்கள் குழுவில் கடன் கேட்பதுண்டு. விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். நல்லதுதான். ஆனால் எரிந்த புகை எப்படி வெளியே போகும் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீஸர் 10 நிமிடத்தில் சுமார் 150 கிராம் காஸை எரிக்கும். அதற்குச் சுமார் 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் காற்றே 7 கன மீட்டருக்கும் குறைவுதான். கதவு, ஜன்னலைச் சாத்தினால் காஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். இதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. "காஸ் வாடையே வரலியே, பயமில்ல" என்று இருந்துவிடாதீர்கள். கசிவு தெரியத்தான் சிலிண்டர் காஸில் வாடை சேர்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. புகைக்குழாய் இல்லாத கீஸரை குளியலறைக்குள் மாட்டவே கூடாது. வெளியே, காற்றோட்டமுள்ள, மழை படாத இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வாருங்கள். ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

2. புகைக்குழாய் உள்ள கீஸர் என்றால், அதன் வாய் அளவுக்குக் குறையாத குழாய் போடுங்கள். 4 அங்குல வாய்க்கு 3 அங்குலக் குழாய் போட்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

3. தகரம் போன்ற உலோகக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். குழாய் மேல்நோக்கி ஏற வேண்டும், வளைவு குறைவாக இருக்க வேண்டும். முனை கூரைக்கு மேலே வந்து, மழைத் தொப்பியோடு முடியட்டும்.

4. காற்று உள்ளே வரும் திறப்பை, குளிருது என்று துணி வைத்து அடைக்காதீர்கள். அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் புகையைக் கீழே இழுத்துவிடும்.

மாட்டியதும் கீஸரை எரியவிட்டு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் சரி. வெளியே தள்ளினாலோ, தீ மஞ்சளாக எரிந்தாலோ உடனே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்து காஸை மூடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

இனி கீஸருக்குக் கடன் மனு வந்தால், கீஸர் விலையோடு புகைக்குழாய்ச் செலவும் மாட்டும் கூலியும் சேர்ந்திருக்கா என்று கூட்டத்திலேயே கேட்போம்.