சௌல்தாரியிலிருந்து சென்னைக்கு ஒரு கல்யாண ஆல்பம்

பத்து வருடங்களுக்கு முன்பு அந்தமானின் சௌல்தாரியில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்தால், அந்தப் படங்கள் கப்பலேறித்தான் சென்னையிலுள்ள அச்சுக்கூடத்துக்குப் போகும். அந்தமானுக்கு அப்போது இணையம் என்றால் செயற்கைக்கோள் ஒன்றுதான். 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பும் அந்தக் குறுகலான வழியில் 40 ஜிபி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. பென் டிரைவை உறையில் போட்டு ஒட்டி, ஊருக்குப் போகிற சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். மூன்று நாள் கடல். யார் உறையைப் பிரித்தாலும் ஒரு வீட்டின் விசேஷம் முழுவதையும் பார்த்துவிடலாம். அவர் சென்னையில் இறங்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடி கேபிள் வந்தது. சென்னையையும் தீவுகளையும் இணைக்க சுமார் 2,300 கிலோமீட்டர். இப்போது ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் படங்கள் போய்விடுகின்றன. பயம் மட்டும் கேபிளோடு போகவில்லை; வழியில் யாராவது ஒட்டுக்கேட்கலாம்.

கோப்பு அனுப்பும் எஃப்டிபி முறையை 1971இல் எழுதியவர், ஐஐடி கான்பூரில் படித்த அபய் பூஷண். வலையில் விரல்விட்டு எண்ணக்கூடிய கணினிகளே இருந்த காலம் அது. அந்த முறையில் கடவுச்சொல் மூடாமலே பயணிக்கும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுவிட, அங்கிருந்த டாட்டு யூலேனன், இணைப்பையே பூட்டிவிடும் எஸ்எஸ்எச் முறையை எழுதினார். நான் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி முறை அதன் பூட்டுக்குள்தான் ஓடுகிறது.

சென்னையில் ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்தேன். எஸ்எஸ்எச்சுக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் அதிலேயே இருந்தது. அச்சுக்கூடத்துக்குத் தனிப் பயனர், தனி ஃபோல்டர்; அதைத் தாண்டி அவர் எட்டிப்பார்க்க முடியாதபடி க்ரூட் அமைப்பு. இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது: உள்ளே நுழைந்த மறுநொடியே இணைப்பு அறுந்தது. வெளி ஃபோல்டர் சர்வரின் நிர்வாகியான ரூட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் உரிமை கூடாது. எழுதுவதற்கென்று உள்ளே இன்னொரு ஃபோல்டர் வேண்டும். அப்படி மாற்றியதும் இணைப்பு அறாமல் நின்றது. பிறகு கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி. சர்வருக்குள் ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் சாவியால் நுழைந்து பார்த்த பின்பே கடவுச்சொல் வழியை அடைத்தேன். மாற்றிச் செய்திருந்தால் நானே வெளியே நின்றிருப்பேன். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து ஏற்றலாம். எங்கள் பக்கம் அது பெரிய உதவி.

போன மாதம் ஒரு மணப்பெண்ணின் அம்மா கேட்டார்: "படமெல்லாம் வேற யார் கைக்கும் போகாதுல்ல தம்பி?"

"அச்சடிக்கிறவரைத் தவிர யாரும் பார்க்க முடியாதும்மா" என்றேன்.